தெரியாதது பூச்சியம் இல்லை

நிலாவெளியில் எங்களுக்கு நைட் டேட்டாதான் கைகொடுக்கும். ஏஎல் பௌதிகவியல் காணொளிகளை வரிசையாக இறக்க, வைடி-டிஎல்பியை வைத்து ஒரு பைதன் ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டுப் படுத்தோம். விடிய எழும்பிப் பார்த்தால் மூன்றாவதிலேயே நின்றிட்டுது. விழுத்தினது, எத்தனை சதவீதம் என்று காட்ட நாங்களே எழுதின வரி. கோப்பின் மொத்த அளவை சர்வர் சொல்லாவிட்டால் அந்த இடத்தில் 'நன்' என்ற வெறுமைதான் வரும். அதால் வகுக்கப் போனால் டைப் எரர்.

அங்க 0 போட்டால் சரி என்று சிலர் சொல்லுவினம். எங்களுக்கு உடன்பாடில்லை. 0 என்பதும் ஒரு அளவு, அதுவும் பொய்யான அளவு. (0 ஆல் வகுத்தாலும் விழத்தானே செய்யும்!) முதலில் மதிப்பீட்டு அளவு இருக்கா என்று பாருங்கோ. அதுவும் இல்லையென்றால் சதவீதத்தையே விடுங்கோ. வேகமும் மிச்ச நேரமும் இதே மாதிரி வெறுமையாக வரும்.

இப்ப எங்கட திரையில்: "அளவு தெரியாது, 14 எம்பி வந்திட்டு."