ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள்!

தாராவியில் இருந்து ஒரு தொழிலாளி காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறார். அவருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லி ஓராண்டு ஆகிறது. நெரிசலில் பஸ் பிடித்து, பாலத்தின் படிகளில் ஏறி இறங்கி, கேஸ் பேப்பருக்காக வரிசையில் நிற்கிறார். மூன்று மணி நேரம் கழித்து அவரது முறை வருகிறது. ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டுகிறார். சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?" என்ற கேள்விக்கு அரைகுறை இந்தியில் அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் அளவு எடுத்தாகிவிடுகிறது. 158-க்கு 94. டாக்டர் இன்னொரு மாத்திரையைக் கூட்டி எழுதுகிறார்.

அந்த 158 உண்மையான அளவுதானா? கேட்பார் யாரும் இல்லை.

மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள குமாஸ்தாக்களின் கதையும் ஏறத்தாழ இதுதான். வரிசை கொஞ்சம் குறையலாம், நாற்காலி கொஞ்சம் நல்லதாக இருக்கலாம். அவசரம் மட்டும் ஒன்றுதான். ரேஷன் கடையில் எடை குறைந்தால் சண்டை போடுகிறோம். உயிருக்கே அளவுகோலான ரத்த அழுத்தத்தைத் தப்பாக அளந்தால் மட்டும் வாய் திறப்பதில்லை.

சிறுநீரகத்துக்கு ஏன் இத்தனை முக்கியம்?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. உடலில் உப்பும் நீரும் எவ்வளவு தங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சிறுநீரகம். அது பழுதுபட்டால் உப்பும் நீரும் தங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் மிச்சமுள்ள வடிகட்டிகளையும் கெடுக்கிறது. ஒன்றை ஒன்று கெடுக்கும் இந்தச் சுழலில் வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. கால் வீங்கி மூச்சு வாங்கும்போது காரியம் பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும். அதன் பிறகு டயாலிசிஸ்தான். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஏழைகளுக்காக 2016-ல் மத்திய அரசு டயாலிசிஸ் திட்டம் கொண்டு வந்தது. சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும், வாரத்தில் மூன்று நாள் கூலியை யார் தருவார்கள்?

120 என்ற எண்

2015-ல் அமெரிக்காவில் 'ஸ்பிரிண்ட்' என்ற பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. 9,361 பேர் அதில் பங்கு பெற்றனர். சிறுநீரகம் பழுதுபட்டவர்களும் அவர்களில் கணிசமாக இருந்தனர். ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140-க்குக் கீழே வைப்பதைவிட 120-க்குக் கீழே கொண்டுவந்தால் மாரடைப்பு போன்ற இதயக் கேடுகளும் மரணமும் குறைகின்றன என்று தெரிந்தது. அதன்பின் 2021-ல் 'கே.டி.ஐ.ஜி.ஓ.' என்னும் உலகச் சிறுநீரக மருத்துவ அமைப்பு, டயாலிசிஸ் நிலைக்குப் போகாத சிறுநீரக நோயாளிகளுக்கு, அவர்கள் உடல் தாங்குமானால் 120-க்குக் கீழ் என்பதே இலக்கு என்று அறிவித்தது.

ஆனால் அதே அமைப்பு அத்தோடு ஒரு எச்சரிக்கையும் விடுத்தது. முறைப்படி அளந்த அளவுக்கு மட்டுமே இந்த இலக்கு பொருந்தும். அவசரமாக எடுத்த அளவை வைத்துக்கொண்டு 120-ஐத் துரத்துவது ஆபத்தாக முடியலாம். ஏனென்றால் ஸ்பிரிண்ட் ஆய்வில் நோயாளியை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, கருவி மூலம் மூன்று முறை அளந்து, சராசரி எடுத்தார்கள். அவசரத்தில் எடுக்கும் அளவு பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். எவ்வளவு கூடுதல் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே பத்தைக் கழித்துவிட்டால் போதும் என்று கணக்குப் போடவும் வழியில்லை.

பொய்யாக ஏறிய அளவுக்கு மாத்திரையைக் கூட்டினால் என்ன ஆகும்? உண்மையான அழுத்தம் தேவைக்கும் கீழே இறங்கும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். பரண் ஏணியில் இறங்கும்போது அப்படி ஆனால் எலும்பு முறியும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைந்து, காக்க வந்த மருந்தே கெடுதல் செய்யும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஆஸ்பத்திரியில் சரியாக இருக்கும் அழுத்தம் வீட்டிலோ, இரவில் தூங்கும்போதோ ஏறிக் கிடப்பது சிறுநீரக நோயாளிகளிடம் சாதாரணம். அவர்களை "நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவதும் தவறுதான்.

முறை என்பது என்ன?

பெரிய வித்தை ஒன்றுமில்லை. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் டீ, காபி, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாயும் நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். பட்டை வெறும் கையில் இருக்க வேண்டும், கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு பொய்யாக ஏறும். கை, நெஞ்சின் உயரத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும். பேசக் கூடாது. இரண்டொரு நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை அளந்து சராசரி பார்க்க வேண்டும். முதல் தடவை இரண்டு கைகளிலும் பார்ப்பது நல்லது.

கையை எங்கே வைத்தால் என்ன என்று கேட்கலாம். 2024-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 133 பேரிடம் சோதித்தார்கள். கையை மடியில் வைத்தால் மேல் எண் ஏறத்தாழ 4 புள்ளியும், தொங்கவிட்டால் 6 புள்ளிக்கு மேலும் கூடியது. கை தொங்கியதற்காக ஒருவர் வாழ்நாள் முழுதும் மாத்திரை விழுங்குவது எந்த ஊர் நியாயம்?

டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்திருக்கும் கையில் பட்டை கட்டவே கூடாது. அதைத் தாங்களாகவே சொல்லித் தடுக்கும் துணிவு நோயாளிகளுக்கு வேண்டும்.

காத்திருப்பவருக்கு நேரமில்லையா?

"ஒரு நாளில் நூற்றுக்கணக்கான நோயாளிகள். ஆளுக்கு ஐந்து நிமிடம் எங்கே போவது?" என்று கேட்பார்கள். டாக்டர்கள், நர்சுகளின் பளு உண்மையே. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்று மணி நேரம் நிற்கும் நோயாளிக்கு ஐந்து நிமிடம் உட்கார இடம் தர முடியாதா? வரிசையின் கடைசியில் முதுகு சாயும் நாற்காலிகள் பத்து, ஒரு மேஜை, சோதித்துப் பார்த்த ஒரு கருவி, பயிற்சி பெற்ற ஒரு ஆள். இவ்வளவு போதும். நிற்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் உட்காரும் நேரமாகிவிடும்.

அளப்பதற்கு டாக்டரே வேண்டும் என்பதும் இல்லை. இதற்கு மும்பையோடு தொடர்புள்ள ஒரு சான்று உண்டு. 1975-ல் ஜெயப்பிரகாஷ் நாராயணின் சிறுநீரகங்கள் செயலிழந்தபோது, பம்பாய் ஜஸ்லோக் ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ் சிகிச்சை அளித்தவர் டாக்டர் எம்.கே.மணி. பின்னர் சென்னைக்குச் சென்ற அவர், 'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்' மூலம் சென்னையை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 பேருக்கு ஒரு திட்டம் நடத்தினார். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் அளந்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கோளாறு தெரிந்தவர்களை மட்டும் டாக்டர் பார்த்தார். விலை குறைந்த மருந்துகளே தரப்பட்டன. நாட்டின் பெருந்தலைவருக்கு டயாலிசிஸ் செய்த நிபுணர், டயாலிசிஸே வேண்டாத நிலையை உண்டாக்கக் கிராமத்துப் பெண்களின் கையில் கருவியைக் கொடுத்தார். தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து அளக்கிறார்கள்.

சங்கங்களுக்கு ஒரு வேலை

மும்பையில் தமிழர் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை பந்தல் போட்டு முகாம் நடத்தி, நூறு பேருக்கு நூறு சீட்டு எழுதிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடக் கூடாது. சங்க அலுவலகத்தில் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, புஜத்தில் கட்டும் தரமான கருவி ஒன்று, பெரிய பட்டை சிறிய பட்டை இரண்டும் வையுங்கள். வாரத்தில் இரண்டு மாலை திறந்து வையுங்கள். பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகள் இருவருக்குப் பயிற்சி கொடுங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பத்தில் அமைதியான ஐந்து நிமிடம் கிடைப்பது அரிது. அதைச் சங்கம் தரட்டும்.

நோயாளிக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை அளந்து, தேதி, நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். இரவு ஷிப்டு வேலை என்றால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மே மாதம் திருநெல்வேலிக்குப் போனால் நோட்டும் கூடவே போகட்டும். இந்தி வராவிட்டாலும் எண்கள் எல்லா டாக்டருக்கும் புரியும். அதற்காக அளவைப் பார்த்துத் தானாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. அது டாக்டரின் வேலை.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அடுத்த முறை பட்டையைக் கட்ட வரும்போது, "கொஞ்சம் பொறுங்கள், ஐந்து நிமிடம் உட்கார்ந்துகொள்கிறேன்" என்று நோயாளி தயங்காமல் கேட்க வேண்டும். கேட்பது அவரது உரிமை. கொடுப்பது ஆஸ்பத்திரியின் கடமை.