தராசு இல்லாத தொட்டி

கீல், தாழ்ப்பாள், கைப்பிடி விற்கும் நம் வியாபாரிகளுக்கு இது புதிய சங்கதி அல்ல. பெட்டியைப் பிரிக்கும்போது கண்ணாடிபோல் மின்னும் சரக்கு, ஆறே மாதத்தில் முலாம் உரிந்து திரும்பி வருகிறது. சில்லறைக் கடைக்காரர் நம்மைக் கேட்கிறார். நாம் பட்டறைக்காரரைக் கேட்கிறோம். அவர் வேலையாளைத் திட்டுகிறார். நிக்கல் தொட்டியில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு நமக்கு 40 குரோஸ் கைப்பிடிகள் திரும்பின. ஓரமெல்லாம் கருகல், தட்டினால் முலாம் நொறுங்கியது. "முப்பது வருஷமா கண்ணால பார்த்துத்தான் போடுறேன் அண்ணாச்சி" என்றார் பட்டறைக்காரர். பொய்யில்லை. பாமே மீட்டரும் வைத்திருந்தார். ஆனால் அது கரைசலின் மொத்த அடர்த்தியைத்தான் காட்டும். எந்த உப்பு எவ்வளவு என்று சொல்லாது.

கரைசலை ஆய்வுக்கு அனுப்பினோம். லிட்டருக்கு 30 முதல் 45 கிராம் இருக்க வேண்டிய போரிக் அமிலம் 18 கிராம்தான் இருந்தது. அது குறைந்தால் ஓரங்கள் கருகும். கருகலை மறைக்க அவர் பளபளப்பு மருந்தை மேலும் மேலும் ஊற்றியிருக்கிறார். அது மிஞ்சியதால் முலாம் நொறுங்கியது. நட்டத்தை ஆளுக்குப் பாதியாக ஏற்றோம்.

இதைக் கண்டுபிடிக்கும் முறைக்கு டைட்ரேஷன் என்று பெயர். பள்ளி ஆய்வுக்கூடத்துப் பியூரெட்டும் பிப்பெட்டும் போதும். கரைசலில் சிறிது எடுத்து நீர் சேர்த்து, அம்மோனியாவும் மியூரெக்சைடும் இட்டு, இ.டி.டி.ஏ.வைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மஞ்சள் நிறம் ஊதாவாக மாறும். செலவான அளவிலிருந்து நிக்கல் எவ்வளவு என்று கணக்கிடலாம். குளோரைடுக்கு வெள்ளி நைட்ரேட். போரிக் அமிலத்துக்கு மானிட்டாலும் சோடியம் ஹைட்ராக்சைடும். பழகிய பையன் ஒருவன் காலை வேலை தொடங்குமுன் முடித்துவிடுவான். பளபளப்பு மருந்தின் அளவையும், கலந்துவிட்ட செம்பு, இரும்பு அழுக்கையும் இது காட்டாது. அதற்கு ஹல் செல் சோதனை தனியாக உண்டு. ஆனாலும் பாதிக் குருட்டுத்தனம் இதிலேயே தீரும்.

நம் மீதும் தப்பு உண்டு. கிலோவுக்குப் பத்துக் காசு குறைத்தவருக்கே ஆர்டர் கொடுக்கிறோம். அப்புறம் அவர் எங்கே சோதனை செய்வார்? கெட்டுப்போன கரைசல் சாக்கடைக்குப் போனால், அந்த நிக்கல் நம் ஊர்த் தண்ணீரில்தான் சேரும்.

ஆகவே மொத்த வியாபாரிகள் மூன்று காரியம் செய்யலாம் என்பது நம் கருத்து. ஒன்று, வாரம் ஒருமுறை சோதித்து எழுதிய நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. இரண்டு, அப்படிச் செய்பவருக்குக் கூலியைச் சற்றுக் கூட்டிக் கொடுப்பது. மூன்று, சிறு பட்டறைகளுக்காக நம் சங்கமே ஒரு பொதுச் சோதனை மேசையை ஏற்படுத்துவது.

தராசு இல்லாமல் நாம் யாரும் கடை திறப்பதில்லை. முலாம் பூசுகிறவரிடமும் அதையே கேட்போம்.