பிள்ளை கையில் உண்டியலா?

வெம்பாக்கம் வட்டாரத்திலே ஒரு நெசவாளி வீட்டை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள், தோழர்களே! குழித்தறியிலே பட்டுச் சேலை. உடல் மஞ்சள், கரை அரக்கு, முந்தி முழுதும் சரிகை. கணவன் தறியில், மனைவி பக்கத்திலே அமர்ந்து ஊடை நூல் சுற்றுகிறாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளிவிட்டு வருகிறாள். புத்தகப் பையை இறக்குமுன்பே ஒரு சீட்டை நீட்டுகிறாள்: வருகிற வெள்ளிக்கிழமை பள்ளியில் 'மஞ்சள் நாள்'; எல்லோரும் மஞ்சள் உடையில் வரவேண்டும்; மாணவர் மன்ற நிதிக்கு ஆளுக்கு 50 ரூபாய் கொண்டுவர வேண்டும்.

தறியிலே கிடப்பதும் மஞ்சள்தான். ஆனால், அந்தப் பாவு முதலாளியுடையது, சரிகையும் அவருடையது. சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி கைக்கு வரும். ஊரார் வீட்டுத் திருமணத்துக்கெல்லாம் மஞ்சள் நெய்து தருகிற வீட்டிலே, மகள் உடுத்த ஒரு மஞ்சள் சட்டை இல்லை! வெள்ளிக்கிழமை அவள் என்ன செய்வாள்? வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள். பெற்றவளுக்குத் தெரியாதா, அது என்ன வலி என்று!

நாம் கற்பனை செய்த வீடுதான். ஆனால், இதைப் படிக்கும் தோழர்களில் பலர், "இது என் வீடாயிற்றே" என்பார்கள். தனியார் பள்ளிகளிலே வண்ண நாள், அந்த நாள், இந்த நாள் என்று வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்குக் குதூகலம் வேண்டும் என்கிறார்கள். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆடட்டும், பாடட்டும், நாடகம் போடட்டும்! அரசுப் பள்ளிகளிலே 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறதே, அதை வாயார வாழ்த்துகிறோம். நாம் கேட்பது ஒன்றுதான்: பள்ளிக்கோ மன்றத்துக்கோ பணம் வேண்டுமென்றால், அதைப் பிள்ளையின் மூலமாகவா வசூலிப்பது?

சீருடை எதற்காக வந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மிராசுதார் மகன் மடிப்புக் கலையாத சட்டையிலும், பண்ணையாள் மகன் கிழிசலிலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால், பாடம் தொடங்குமுன்பே ஏழைப் பிள்ளையின் தலை குனிந்துவிடுகிறது. அந்தத் தலைகுனிவைப் போக்கத்தான் எல்லோருக்கும் ஒரே துணி என்றார்கள். இன்று அரசு தரும் விலையில்லாச் சீருடைக்குத் துணி நெய்து கொடுப்பவர்களும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தாரே. நெசவாளி துணியால் மூடிய ஏற்றத்தாழ்வை, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை திறந்து காட்டுவானேன்?

"பள்ளிக்கு ஊர் உதவ வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும், தாராளமாக வேண்டும். தமிழ்நாடு அதற்கு வழிகாட்டிய நாடு. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958-ஆம் ஆண்டு, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு யார்? நமக்குப் பக்கத்திலேயே, காஞ்சிபுரம் வட்டாரத்து நெய்யாடுபாக்கத்தில் 1912-இல் பிறந்தவர். என்ன செய்தார்கள் அந்த மாநாடுகளிலே? இந்தப் பள்ளிக்குக் கட்டடம் வேண்டும், இதற்குப் பெஞ்சு வேண்டும், இதற்குக் கரும்பலகை, பிள்ளைகளுக்குச் சீருடை என்று பட்டியல் போட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் மேடையேறி, இது என் பொறுப்பு, அது என் பொறுப்பு என்றார்கள். நிலம் கொடுத்தவர் உண்டு. பணம் கொடுத்தவர் உண்டு. உடலுழைப்புத் தந்தவரும் உண்டு. கொடுத்தவர் வளர்ந்தவர். கேட்டது பொதுமேடையில். யார் என்ன கொடுத்தார் என்பது ஊரறிந்தது. எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி, "உன் அப்பன் கொடுத்தானா?" என்று கேட்பதற்கு அந்த ஏற்பாட்டிலே இடமே இல்லை.

இந்த 'நாள்' கொண்டாட்டங்கள் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி உணர்வு வாரம் என்று வைத்து, ஒருநாள் இரவு உடையில், ஒருநாள் பள்ளியின் நிறத்தில் என்று வருவார்கள். மன்றங்களுக்காக மாணவர்கள் தின்பண்டம் விற்பார்கள். ஓக்லஹோமா மாநிலத்து மஸ்கோகி என்ற ஊரில் பெண் சாரணர்கள் தாங்களே பிஸ்கட் சுட்டு விற்றது 1917-இல்; இன்றுவரை அவ்வியக்கத்தில் பிஸ்கட் விற்பனை நடக்கிறது. தாமே செய்து, தாமே விற்பதில் ஒரு படிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், அந்நாட்டுப் பொதுப் பள்ளிகளின் செலவில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருவது. பணக்கார ஊருக்குக் கொழுத்த பள்ளி. ஏழை ஊருக்கு மெலிந்த பள்ளி. விழுகிற துண்டை அடைக்க, பிள்ளைகள் வீடு வீடாகப் போகிறார்கள். அந்த உண்டியலை இங்கே கொண்டுவருவதற்கு முன்னால், அது எந்தப் பள்ளத்தை மறைக்க வைத்த உண்டியல் என்று பார்க்க வேண்டாமா?

கொடிநாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7. முன்னாள் படைவீரர்களுக்கும், போரில் கணவனை இழந்த பெண்களுக்குமான நிதி. நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் படைக்கு ஆள் கொடுத்த பூமி. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். இந்த நிதிக்கு ஒரு ரூபாய் கொடுக்க நெசவாளி தயங்கமாட்டான். ஆனால் டிசம்பர் 7 எப்போது வருகிறது? கார்த்திகை மாதத்திலே! தெருவில் பாவு விரிக்க முடியாத மழை; தறிக்குழியிலே ஈரம்; வேலை பாதி, கூலியும் பாதி. அந்த நாளில் வகுப்பிலே கொடி விற்று, வாங்காத பிள்ளையின் பெயரைக் குறித்தால், அது நன்றிக் காணிக்கையா, தண்டமா? கடைத்தெருவில் உண்டியல் வையுங்கள், வரிசையில் நின்று போடுகிறோம்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மனம் இல்லையென்று யாரும் நினைக்க வேண்டாம். 2018-இல் கேரளத்தை வெள்ளம் அழித்தபோது, விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி சைக்கிள் வாங்கச் சேர்த்த உண்டியல் பணத்தை அப்படியே கொடுத்தாளே! அது அவளாகக் கொடுத்தது. சீட்டுப் புத்தகத்தைக் கையில் திணித்து, "இருபது சீட்டு விற்றுக்கொண்டு வா" என்று அனுப்பினால், மாமனும் சித்தப்பனும் வாங்குவார்கள். மாமனுக்கும் சித்தப்பனுக்கும் தறிக்கூலிதானே என்றால், அந்தப் பிள்ளையின் புத்தகம் விற்காமல் திரும்பும். அதிகம் விற்றவனுக்கு மேடையிலே பரிசு வேறு!

சட்டம் இல்லாமலில்லை. 2009-இல் தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பது அதன் விதி. அதே ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் அமைந்திருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். கணக்குக் கேட்க நமக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். உட்காரத்தான் ஆளைக் காணோம்! தேர்தல் என்றால் சுவரெழுத இரவெல்லாம் கண்விழிக்கும் தோழர்கள், பள்ளிக் குழுக் கூட்டத்தன்று எங்கே போகிறார்கள்?

அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள். மாணவர் மன்றத்துக்கு எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அதைப் பெற்றோரிடமும் ஊராரிடமும் கேட்கச் சொல்லுங்கள். வசூலையும் செலவையும் பள்ளி வாசலில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். தனியார் பள்ளியானால் நாலு பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியரைப் பாருங்கள். கொண்டாட்ட நாளிலும் சீருடையே இருக்கட்டும், வகுப்பறையில் வசூல் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அரை நாள் தறி நிற்கும். கூலியும் போகும். நிற்கட்டும், அந்த அரை நாளை வெள்ளிக்கிழமை வயிற்றுவலியோடு சேர்த்து எடைபோட்டுப் பாருங்கள்.