மாசியும் மீன்தான்

கொழும்பில் மரக்கறிச் சாப்பாடு கேட்டு நிற்பவனுக்கு வழக்கமாக மூன்று விடைகள் கிடைக்கும். "மீன் இல்லை, மாசி மட்டும்." "இறைச்சி இல்லை, முட்டை மட்டும்." "கோழி இல்லை, சிக்கன் கியூப் மட்டும்." பத்திரிகைத் தொழிலுக்காக இந்நகருக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன; இறைச்சியையும் மீனையும் விட்டுப் பதினைந்து ஆண்டுகள். இந்தப் பதினைந்து ஆண்டுகளில் சாப்பாட்டுக் கடைகளில் நான் அதிகம் கேட்ட சொல் 'மட்டும்' என்பதுதான்.

மாசி என்றால் என்னவென்று இலங்கையருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சூரை இனத்து மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தினால் மாசி. மாலைதீவிலிருந்து வந்த பண்டம். சிங்களத்தில் உம்பலகட என்பார்கள். இடித்த மாசி தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் லுணுமிரிஸிலும் சேரும். கீரைச் சுண்டலில் சேரும். சில கடைகளில் பருப்புக்கறிக்குள்ளும் போய்விடும். நம் சமையலில் பெருங்காயத்துக்கு என்ன இடமோ, தென்னிலங்கைச் சமையலில் மாசிக்கு அந்த இடம். எனவே 'மீன் இல்லை' என்று கூறும் சமையற்காரர் தம்மளவில் பொய் சொல்வதில்லை. அவரது அகராதியில் மீன் என்பது துண்டாகத் தட்டில் கிடப்பது.

சம்பலைத் தவிர்த்தால் தப்பிவிடலாம் என்று எண்ணுவோர் 'வெஜிடபிள் பிறைட் றைஸ்' கேட்டுப் பார்க்கலாம். கோழி புரண்ட அதே தாச்சி, அதே அகப்பை, மேலே முட்டை, சில இடங்களில் சிப்பியிலிருந்து எடுத்த ஒயிஸ்ரர் சோஸ். மரக்கறிக் கொத்து கேட்டால், சற்றுமுன் மாட்டிறைச்சிக் கொத்து அடித்த தகட்டிலேயே அதுவும் அடிக்கப்படும். நட்சத்திர ஹொட்டேல்களின் பத்திரிகையாளர் விருந்துகளிலும் இதே கதைதான். நூடில்ஸில் இறால் கிடக்கிறதே என்று ஒருமுறை சுட்டிக்காட்டினேன். "எடுத்து ஓரமாக வையுங்கள் சேர்" என்றார் பரிசாரகர், மிகுந்த பணிவுடன்.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே ஒரு வழி காட்டுவார்கள்: "வெள்ளவத்தைக்குப் போ. அங்கே சைவக்கடை இல்லையா?"

இருக்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில் சைவக்கடைகள் இருப்பதால்தான் என்னைப் போன்றோர் இந்நகரில் பிழைத்திருக்கிறோம். 1983 யூலையில் எரிந்த தமிழர் கடைகளுள் சைவக்கடைகளும் அடங்கும். எரிந்த இடத்திலேயே மீண்டும் தோசைக்கல்லை வைத்தவர்களை நான் வணங்குகிறேன். அக்கடைகளின் மேசைகளில் சிங்களச் சகோதரர்களும் முஸ்லிம்களும் தமிழர்களுடன் நெருங்கியிருந்து வடையைச் சாம்பாரில் தோய்த்து உண்பதை எவரும் காணலாம். 'தோசே கடே' என்பது சிங்களத்தில் எப்போதோ கலந்துவிட்ட சொல். போயா நாட்களில் அங்கே இடம் பிடிப்பது அரிது. இப்படிப்பட்ட உணவைத்தான் சுற்றுலாக் கையேடுகள் 'இன உணவு' என்ற தலைப்பில் ஒதுக்கிவைக்கின்றன!

ஆனால் நகரம் வெள்ளவத்தையோடு முடிந்துவிடுவதில்லை. நாடாளுமன்றம் 1982இல் கோட்டேக்குச் சென்றது. அரச அலுவலகங்கள் பல பத்தரமுல்லைக்குப் பெயர்ந்தன. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மக்கள் மகரகமைக்கு வருகிறார்கள். நோயாளியை விட்டு நகர முடியாதவரிடம் மதியச் சோற்றுக்கு வெள்ளவத்தை போய்வரச் சொல்வது என்ன நியாயம்?

இதை ஏன் எழுதுகிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2014இல் எனக்குப் பெரியம்மா முறையான ஒருவர் வடமராட்சியிலிருந்து தம் கணவருடன் மகரகமைக்கு வந்து தங்கியிருந்தார். கணவர் குணமடையும்வரை மச்சம் தொடுவதில்லை என்று சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அருகிலிருந்த சோற்றுக்கடையில் கையைக் காட்டி, சோறும் பருப்பும் சம்பலும் வாங்குவார். மூன்று வாரங்கள் கழிந்து ஒரு நாள் அவருடன் நானும் உணவருந்தச் சென்றேன். "தம்பி, இவையின்ர சம்பல் எங்கட சம்பல் மாதிரியில்லை. ஒரு தனி ருசி" என்றார்.

தட்டைப் பார்த்தேன். தேங்காய்ப்பூவுக்கிடையே கபில நிறத்தில் சிறு சிறு சிதறல்கள். எழுந்துபோய்க் கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன். "கொஞ்சந்தான் மஹத்தயா, வாசத்துக்கு" என்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. யாரும் அவரிடம் அதுவரை கேட்டதில்லை, அவரும் சொல்லவில்லை.

பெரியம்மாவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. சம்பல் உறைப்பு, வயிற்றுக்கு ஆகாது என்று ஏதோ கூறித் தடுத்துவிட்டேன். அடுத்த நாளிலிருந்து வெள்ளவத்தையில் சோற்றுப் பார்சல் கட்டுவித்து, முடிந்த நாட்களில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வாண்டு மார்கழியில் அவரது கணவர் காலமானார். தாம் அறியாமல் உண்ட சம்பலால்தான் நேர்த்தி தவறியது என்று அவர் எண்ணிவிடக்கூடாதே என்பதற்காகப் பின்னரும் நான் வாய் திறக்கவில்லை. இப்போது அவரும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

'இதெல்லாம் ஆசாரக்காரர்களின் புலம்பல்' என்று சில முற்போக்கு நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களது ஐயம் முற்றிலும் பிழையன்று. யாழ்ப்பாணத்துச் சைவக்கடைகளின் வரலாறு தூய்மையானதன்று. ஒடுக்கப்பட்ட மக்களை உள்ளே விடாத கடைகளும், அவர்களுக்கெனத் தனிக் குவளை வைத்த கடைகளும் அங்கே இருந்தன. சிறுபான்மைத் தமிழர் மகாசபை 1950களில் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும் அந்தப் போராட்டம் ஓய்ந்துவிடவில்லை. சைவம் என்ற பெயரால் மனிதரைத் தள்ளிவைத்தவர்களுக்காக வாதாட நான் வரவில்லை. நானே மீன் மணக்கும் கரையோரக் கிராமத்தில் பிறந்தவன். மீன் உண்போரை இழிவாகக் கருத எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை.

நான் கேட்பது தூய்மையன்று, தகவல். என் தட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அறிந்து உண்பதும் அறிந்து மறுப்பதும் என் பொறுப்பு. அறியவிடாமல் ஊட்டுவது எவர் செய்தாலும் தவறு.

இந்த நாட்டில் உணவைப்பற்றி உரத்த குரலில் பேசுவோருக்குக் குறைவில்லை. 2013 மார்ச்சில், பொது பல சேனாவின் ஆர்ப்பாட்டங்களுக்குப் பின், உள்நாட்டுச் சந்தைப் பொருட்களில் ஹலால் இலச்சினையைக் கைவிடும் நிலைக்கு ஜம்இய்யத்துல் உலமா தள்ளப்பட்டது. உண்பவருக்கு விவரம் சொன்ன ஓர் அடையாளம் அது. பிற எவருடைய சோற்றிலும் அது மண் போடவில்லை. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. மாட்டிறைச்சி உண்போருக்கு இறக்குமதி செய்து வழங்கலாம் என்றும் கூறப்பட்டது. வேற்று நாட்டு மாட்டின் மீது நம்மவர்க்குக் கருணை இல்லை போலும்! அடுத்தவன் உண்பதைத் தடுப்பதற்கு இத்தனை ஆவேசம் காட்டியவர்கள், உண்பவனுக்கு உண்மையைச் சொல்ல ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கலாம். மரக்கறி உணவைப் பெருக்க விரும்புவோர் செய்யவேண்டிய முதல் வேலை அதுவே.

நம்மவர்களையும் விட்டுவிட இயலாது. ஒரே குசினியை வைத்துக்கொண்டு 'சைவ - அசைவ உணவகம்' என்று பலகை மாட்டும் தமிழ் முதலாளிகள் பெருகிவிட்டனர். இரண்டையும் விற்பது குற்றமன்று. இரண்டுக்கும் ஒரே எண்ணெயைக் கொதிக்கவைப்பதும், கேட்டால் "அதெல்லாம் வேறு வேறு அண்ணை" என்பதும் குற்றம். மாசி போட்ட கடைக்காரர் கேட்டவுடன் உண்மையைச் சொன்னார். வாசலில் சாமிப்படம் மாட்டிய இவர் சொல்லவில்லை. இருவரில் எவரை நம்புவது?

தீர்வு கடினமானதன்று. இந்தியாவில் பொதியிடப்பட்ட சைவ உணவில் பச்சை வட்டம் இடவேண்டும் என்பது சட்டம். நாம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், உணவுப் பட்டியலில் மாசி, முட்டை, சிக்கன் கியூப் சேர்ந்தவை எவையெனச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதலாம். மரக்கறிக்கென ஒரு தாச்சியும் ஓர் அகப்பையும் ஒதுக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வரும்போது ஈயையும் எலியையும் பார்ப்பதோடு இதையும் பார்க்கும்படி உள்ளூராட்சி மன்றங்கள் பணிக்கலாம். மீனால் ஒவ்வாமை உள்ளவருக்கும் இதனால் நன்மை. அவருக்கு இது நேர்த்தி விடயமன்று, உயிர் விடயம்.

அதுவரை, சிங்களம் தெரிந்த வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வரும் உறவினரைக் கடைக்கு அழைத்துச் சென்றால், அவர்களுக்காக நீங்கள் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். "மரக்கறியா?" என்று கேட்டு நின்றுவிடாதீர்கள்; "உம்பலகட இருக்கிறதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை மூன்று வாரங்கள் முன்னதாக நான் கேட்டிருக்க வேண்டும்.