சேலம் ஜவ்வரிசிக்குச் சொந்தப் பெயர் எங்கே?

புனே நகரம். நவராத்திரி நோன்பு. ஒரு வீட்டில் அம்மாள் விடியற்காலையில் எழுந்திருக்கிறாள். முதல் நாள் இரவு ஊற வைத்த ஜவ்வரிசியை எடுக்கிறாள். வேர்க்கடலையைப் பொடித்துப் போடுகிறாள். உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து நெய்யில் கிளறுகிறாள். "சாபுதானா கிச்சடி" தயார். நோன்பு நாளில் அரிசி, கோதுமை தொட மாட்டார்கள். ஜவ்வரிசி தானியம் அல்ல, கிழங்குச் சரக்கு. ஆகவே சாப்பிடலாம்.

"இந்த ஜவ்வரிசி எந்த ஊரில் செய்தது?" என்று அந்த அம்மாளைக் கேட்டுப் பாருங்கள். "மூலைக் கடையில் வாங்கியது" என்பாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் பொட்டலம் கட்டியவர் பெயர் பெரிதாக இருக்கும். கிழங்கை விளைவித்த ஊரின் பெயரும், அரைத்து உருட்டிக் காய வைத்த ஆலையின் பெயரும் பல பொட்டலங்களில் இருக்காது.

அந்த ஊர் வேறு எங்கும் இல்லை. நம் சேலம், நாமக்கல் சீமைதான்!

ஆத்தூர், தலைவாசல், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாலையின் இரு பக்கமும் குச்சிக் கிழங்குக் காடு. வெளியூரார் மரவள்ளி என்பதை இந்தப் பக்கத்து மக்கள் குச்சிக் கிழங்கு என்பார்கள். இடையிடையே சேகோ ஆலை. ஆலைக்குப் பக்கத்தில் அகலமான சிமெண்டுக் களம். களம் முழுக்க வெள்ளை வெளேர் என்று ஜவ்வரிசி காயும். இந்தியாவில் ஆகும் ஜவ்வரிசியில் மிகப் பெரும் பகுதி இந்தச் சீமையில் இருந்துதான் போகிறது. நோன்புக்கு மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் போகிறது. வங்காளத்துக்கும் போகிறது.

சரக்கு போகிறது. பெயர் மட்டும் போகவில்லை.

தூளி கட்டி ஆட்டிய கதை

இந்தத் தொழில் சேலத்துக்கு வந்த கதை சுவையானது.

ஆதியில் ஜவ்வரிசி என்றால் கடல் கடந்து வரும் சரக்கு. மலாயாப் பக்கத்தில் ஒருவகைப் பனையின் தண்டில் இருக்கும் சோற்றில் இருந்து எடுப்பார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. கப்பல் நின்றது. ஜவ்வரிசியும் நின்றது.

1943-ம் ஆண்டு வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் ஒரு யோசனை செய்தார். அவர் வியாபாரத்துக்காகக் கேரளம் போய் வருகிறவர். அங்கே மரவள்ளிக் கிழங்கு மாவைப் பார்த்திருந்தார். பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷா என்பவருக்கு ஜவ்வரிசி செய்யும் விதம் தெரியும். இருவரும் கூடினார்கள். பெரிய எந்திரம் ஏது? துணியைத் தூளி போலக் கட்டி, ஈர மாவைப் போட்டு ஆட்டினார்கள். மாவு குருணையாக உருண்டது. சூடான தட்டில் வறுத்தார்கள். வெயிலில் உலர்த்தினார்கள். சேலம் ஜவ்வரிசி பிறந்தது!

ஒருவர் தமிழர், ஒருவர் குஜராத்திக்காரர். ஒருவருக்குக் கிழங்கு தெரியும், ஒருவருக்குப் பக்குவம் தெரியும். எவ்வளவு அருமையான கதை! இதை வேறு நாட்டார் வைத்திருந்தால் பொட்டலத்துக்குப் பொட்டலம் அச்சடித்திருப்பார்கள். நம் ஆலைக்காரர்களில் எத்தனை பேர் தங்கள் விளம்பரத்தில் இதைச் சொல்லுகிறார்கள்?

பிறகு தொழில் வளர்ந்தது. ஆலைகள் பெருகின. நடுவே நின்றவர்கள் விலையை ஆட்டி வைத்தார்கள். அந்தத் தொல்லை தீர 1981-ம் ஆண்டு "சேகோசர்வ்" என்ற கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. உறுப்பினர் ஆலைகளின் சரக்கைச் சங்கமே கிடங்கில் வைத்து, டெண்டர் முறையில் விற்றுத் தருகிறது. நல்ல ஏற்பாடு. 2023-ம் ஆண்டு சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த ஊர்ச் சரக்கு என்று சட்டம் ஒத்துக்கொண்டு கொடுத்த முத்திரை அது.

முத்திரை வந்து விட்டது. ஆனால் முத்திரையைப் பெட்டியில் பூட்டி வைத்தால் என்ன பயன்?

"நமக்கெதுக்குங்க?"

சிறிய ஆலைக்காரர் ஒருவரிடம், "உங்கள் ஆலைக்கு இணையதளம் இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்:

"நமக்கெதுக்குங்க அதெல்லாம்? மூட்டை ஏத்தினோமா, பணம் வந்துச்சா, அவ்வளவுதானுங்க."

அவர் சொல்லுவதிலும் நியாயம் உண்டு. கிழங்கு வாங்கவே கையில் பணம் வேண்டும். மழை பெய்தால் களத்தில் சரக்கு காயாது. ஆள் கிடைப்பது பாடு. இதற்கு நடுவே கம்ப்யூட்டர் முன் உட்கார யாருக்கு நேரம்?

இன்னும் சில ஆலைகளில் வேறு கதை. கல்லூரியில் படித்த மகன் ஆசைப்பட்டு ஒரு தளம் ஆரம்பித்திருப்பான். முதல் பக்கத்தில் கோட்டும் டையும் போட்ட வெள்ளைக்காரர் இருவர் கை குலுக்குவார்கள்! ஜவ்வரிசிக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? கீழே, "உலகத் தரம், உன்னத சேவை" என்று ஆங்கிலத்தில் இருக்கும். செய்திப் பகுதியைத் திறந்தால் ஐந்து வருஷத்துக்கு முந்திய தீபாவளி வாழ்த்து. தொலைபேசி எண்ணைச் சுழற்றினால், "இந்த எண் உபயோகத்தில் இல்லை!"

இப்படிப்பட்ட தளம் இருப்பதைவிட இல்லாதிருப்பதே மேல். பூட்டிக் கிடக்கும் கடைக்கு விளக்குப் போட்ட மாதிரி அது.

மக்காச்சோளம் செய்யும் கேடு

மூட்டை ஏற்றினால் போதும் என்று இருந்ததால் என்ன நடந்தது? அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெயர் இல்லாத சரக்குக்கு நிறம்தான் பெயர். வாங்குகிறவன் மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்கிறான். வெள்ளையாக இருந்தால் நல்ல விலை. சற்று மங்கலாக இருந்தால் விலை குறைவு. கிழங்கு ஜவ்வரிசி இயற்கையில் பால் போல் வெளுப்பாக இருப்பதில்லை. இது வாங்குகிறவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. ஆகவே சிலர் ரசாயனம் போட்டு வெளுத்தார்கள். வேறு சிலர் விலை மலிந்த மக்காச்சோள மாவைக் கலந்தார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை போடுவதும், மூட்டைகளைப் பறிமுதல் செய்வதும் சேலம் வட்டாரத்துப் பத்திரிகைகளில் பல முறை வந்த செய்தி.

இந்தக் கலப்படத்தால் யாருக்கு நஷ்டம்? முதலில் குடியானவனுக்கு. கிழங்கின் விலையை அதில் உள்ள மாவுச் சத்தைப் "பாயிண்ட்" கணக்குப் பார்த்துத்தான் போடுகிறார்கள். பத்து மாதம் காட்டில் காத்திருந்து கிழங்கு பிடுங்கிக் கொண்டு வருகிறான். மக்காச்சோள மாவு மலிவாகக் கிடைத்தால் அவன் கிழங்கை யார் தேடுவார்கள்? அடுத்த நஷ்டம் நேர்மையாக நடக்கும் ஆலைக்காரருக்கு. கலப்படக்காரன் விலைக்கு அவரால் விற்க முடியாது.

புனே அம்மாளுக்கும் நஷ்டம் உண்டு. மக்காச்சோளம் தானியம் அல்லவா? தானியம் தொடக் கூடாது என்று நோன்பு இருக்கிறவள், தெரியாமலே தானியம் சாப்பிடுகிறாள். இது அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? ஒரு ஆலையின் பெயர் அவளுக்குத் தெரியாது. "சேலம் சரக்கே வேண்டாம்" என்று ஒட்டுமொத்தமாகத் தள்ளி விடுவாள்.

நல்லவர் பெயரும் கெட்டவர் பெயரும் ஒரே மூட்டையில் போவதுதான் இங்கே உள்ள ஆபத்து. இதில் இருந்து தப்ப நேர்மையான ஆலைக்காரர் தன் பெயரைத் தனியாக எடுத்து நிறுத்த வேண்டும்.

எப்படிச் செய்வது?

பெரிய செலவு வேண்டியதில்லை. மும்பையில் 1959-ம் ஆண்டு ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் இன்று நாடறிந்த "லிஜ்ஜத்". அப்பளம் வீட்டுக்கு வீடு இடும் பண்டம்தான். ஆனாலும் ஒரு பெயர் வைத்தார்கள். எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் ஒரே தரம் இருக்கும்படி பார்த்துக் கொண்டார்கள். அவர்கள் காலத்தில் இணையதளம் கிடையாது. இன்று நம்மவர்களுக்கு அந்த வசதியும் இருக்கிறது.

தளத்தில் முதலில் இருக்க வேண்டியது ஆலையின் உண்மையான படம். கைகுலுக்கும் வெள்ளைக்காரர் வேண்டாம். கிழங்கு வண்டி வந்து நிற்பதைக் காட்டுங்கள். தோல் உரிக்கும் பெண்களைக் காட்டுங்கள். பால் தொட்டியில் தெளிவதையும், களத்தில் சரக்கு காய்வதையும் காட்டுங்கள். எந்த ஊர், எந்தச் சாலை, யார் நடத்துவது என்று எழுதுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைக் கண்ணில் படும்படி போடுங்கள்.

பாஷை முக்கியம். வாங்குகிறவர்கள் மராத்தி, குஜராத்தி, இந்தி, வங்காளி பேசுகிறவர்கள். அவர்கள் பாஷையில் நாலு வரி இருந்தால் போதும். மனம் இளகி விடும். தமிழ் நாட்டில் இருந்து கொண்டு, மராத்திக்காரருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதும் வழக்கத்தை என்றைக்கு விடப் போகிறோமோ தெரியவில்லை.

அதைவிட முக்கியம், வாடிக்கைக்காரர் கேட்கும் கேள்விக்கு விடை. மாவு ஜவ்வரிசிக்கும் நைலான் ஜவ்வரிசிக்கும் என்ன வித்தியாசம்? எது எவ்வளவு நேரம் ஊற வேண்டும்? கிச்சடி ஏன் களி போல ஒட்டிக் கொள்கிறது? பாயசத்துக்கு எது, வற்றலுக்கு எது? இதெல்லாம் ஆலை வீட்டுப் பெண்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அவர்கள் வாரம் ஒரு குறிப்புச் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதிப் போடட்டும். சமையல் செய்கிறவள் ஒரு முறை பயன் கண்டு விட்டால் மறுபடியும் தேடி வருவாள். விளம்பரக்காரன் ஆயிரம் எழுதினாலும் இந்த நம்பிக்கை வராது.

பிறகு அந்த நிறத்தின் கதை. "எங்கள் ஜவ்வரிசி சற்று மங்கலாகத்தான் இருக்கும். நாங்கள் வெளுப்பதில்லை. மக்காச்சோளம் கலப்பதில்லை" என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும். சோதனைச் சாலைச் சான்றிதழையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இப்படி எழுதுவதற்குத் தைரியம் வேண்டும். கலப்படம் செய்கிறவனால் எழுத முடியாது. எழுதினால் மாட்டிக் கொள்வான்!

"எல்லாரும் தனித்தனிப் பெயர் வைத்தால் சங்கம் என்ன ஆவது?" என்று சிலர் கேட்கலாம். சங்கத்துக்குக் குறைவு இல்லை. ஊர்ப் பெயர் பொது. ஆலைப் பெயர் சொந்தம். புவிசார் குறியீட்டைப் பயன்படுத்த விரும்புகிற ஆலைக்காரர் முறைப்படி பதிவு செய்து கொள்ள வேண்டும். அந்தப் பதிவுக்கும், நாலு பாஷையில் மொழிபெயர்ப்புக்கும், படம் எடுக்கவும் சங்கம் உதவினால் சிறிய ஆலைகளுக்குச் செலவு மிச்சம். தனி ஒருவர் செய்ய முடியாததைச் செய்யத்தானே கூட்டுறவு வைத்தது?

பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. நாமக்கல் முட்டை! கோழிப் பண்ணைக்காரர்கள் 1982-ம் ஆண்டு அமைந்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவில் சேர்ந்தார்கள். விலையை வெளிப்படையாக அறிவித்தார்கள். முட்டை தின்னச் சொல்லி டெலிவிஷனில் விளம்பரம் செய்தார்கள். இன்று சென்னைப் பெட்டிக் கடைக்காரருக்கும் நாமக்கல் முட்டை என்றால் தெரியும். முட்டைக்கு முடிந்தது ஜவ்வரிசிக்கு ஏன் முடியாது?

புரட்டாசி பிறந்தால் வடக்கே நவராத்திரிச் சரக்குக்கு ஆர்டர் வரும். அதற்குள் எத்தனையோ வேலை. கைகுலுக்கும் வெள்ளைக்காரர்களை நீக்க அரை மணி நேரம் போதும். தொலைபேசி எண்ணைத் திருத்த ஐந்து நிமிஷம் கூட ஆகாது. புனேயில் இருந்து யாராவது கூப்பிட்டால் எடுத்துப் பேச, இந்தி தெரிந்த பிள்ளை ஒருவன் ஆலையில் இருக்கட்டும்.