கடலுக்கு அக்கரையில் ஒரு தாமரை

தூத்துக்குடித் தோணிகள் தலைமுறை தலைமுறையாகச் சரக்கு ஏற்றிப் போன ஊர், கொழும்பு. அங்கே இப்போது ஒரு பூ, வானத்தை முட்டி நிற்கிறது!

பெயர், தாமரைக் கோபுரம். உயரம் 350 மீட்டர். பச்சைத் தண்டு. உச்சியில் இளஞ்சிவப்பு மொட்டு. அதற்குள் ஒலிபரப்புக் கருவிகள், மண்டபம், சுழலும் உணவு விடுதி.

தாமரை, புத்த சமயத்தில் தூய்மையின் சின்னம். ஆனால், இலங்கையின் தேசிய மலர் நீல அல்லி. தாமரை, நம் நாட்டு மலர்! கட்டியது சீன நிறுவனம். செலவில் பெரும் பங்கு சீனக் கடன்.

2019-ல் திறப்பு விழா. 2022-ல், டாலர் இல்லாமல், பெட்ரோலுக்கு மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள். அந்த செப்டம்பரில்தான் பொதுமக்களை உள்ளே விட்டார்கள்; சீட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு.

மேலே ஏறினால் கொழும்புத் துறைமுகம் தெரியும். தூத்துக்குடி தெரியாது.