வக்கீலுக்குக் கொடுக்க மட்டும் கை நடுங்குது

நம்ம ஆட்கள் இடம் வாங்கும் லட்சணத்தைப் பார்த்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. 40 லட்ச ரூபாய்க்கு இடம் பேசுவார்கள். புரோக்கருக்குக் கமிஷன் கொடுக்க முகம் சுளிக்க மாட்டார்கள். பால் காய்ச்ச நாள் குறிக்கிற ஜோசியருக்குத் தனியாகத் தட்சணை. கேரளாவில் முத்திரைத்தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 4 லட்சம் அரசாங்கத்துக்கு, அதையும் முனகிக்கொண்டே கட்டிவிடுவார்கள். ஆனால் பழைய பத்திரங்களைப் படித்துப் பார்க்க ஒரு வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுங்கள் என்றால் மட்டும், "அதெதுக்குங்க, ஆதாரம் எழுதறவரே எல்லாம் பாத்துக்குவாரே" என்று பதில் வரும்.

(ஊர்ப்பக்கம் தெரியாதவர்களுக்கு: கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் ஆனாலும் சரி, மறையூர், பூப்பாறை, வண்டிப்பெரியார் ஆனாலும் சரி, கிரயப் பத்திரத்துக்கு ஆதாரம் என்றுதான் பெயர்.)

ஆதாரம் எழுதறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. லைசென்ஸ் வாங்கி முறையாகத் தொழில் செய்கிறவர். ஆனால் அவர் வேலை என்ன? இரண்டு தரப்பும் சொன்னதைச் சரியான வடிவத்தில் எழுதிப் பதிவுக்குத் தயார் செய்வது. விற்கிறவனுக்கு விற்க உரிமை இருக்கிறதா என்று தோண்டுவது அவர் வேலை இல்லை. தவிர, பதிவு நடந்தால்தான் அவருக்குக் கூலி. நடக்காமல் போவதில் அவருக்கு என்ன லாபம்?

அடுத்த வசனம்: "சப் ரிஜிஸ்ட்ராரே பதிஞ்சு குடுத்துட்டாரே, அப்புறம் என்ன?" ஐயா, நம் நாட்டில் பதிவாவது பத்திரம்தான், உரிமை இல்லை. கையெழுத்துப் போட்டவர் அவர்தானா, முத்திரைத்தீர்வை சரியா என்று பார்ப்பார் சப் ரிஜிஸ்ட்ரார். விற்கிறவருக்கு அந்த இடம் சொந்தமா என்று விசாரிப்பது அவர் பொறுப்பில் இல்லை. தமிழ்நாட்டில் முந்தைய மூலப்பத்திரம் காட்டாவிட்டால் பதிய மறுக்கலாம் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள், 55ஏ. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. உரிமையைத் தீர்மானிப்பது பதிவு அதிகாரியின் வேலை அல்ல என்றுதான் தீர்ப்பு. நாட்டின் மேல்கோர்ட்டே சொன்ன பிறகும் நம்ம ஆட்கள் சிவப்பு முத்திரையைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் என்ன செய்வது?

மூன்றாவது வசனம்தான் எனக்குப் பற்றி எரிவது. "பேங்க்ல லோன் குடுத்துட்டான் மாமா, அவனுக்குத் தெரியாததா?" நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன், வக்கீல் இல்லை. ஆனால் கடன் பிரிவில் உட்கார்ந்து லீகல் ஒப்பீனியன்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்தவன். அதனால் சொல்கிறேன். வங்கியின் பேனல் வக்கீல் வங்கிக்கு வேலை செய்கிறார். காசு உங்கள் கணக்கிலிருந்து போகிறது, ஒப்பீனியன் வங்கிக்குப் போகிறது. பல பேருக்கு அதன் நகல்கூடக் கையில் கிடைப்பதில்லை. வங்கி மதிப்பு முழுவதற்கும் கடன் கொடுக்காது, உங்கள் சம்பளத்தைப் பார்க்கும், ஜாமீன் கேட்கும். நாளைக்கு இடம் கையை விட்டுப் போனால் கடன் ரத்தாகுமா? இடமும் இருக்காது, தவணையும் ஓடும். வங்கிக்குத் தேவையான பாதுகாப்பு வேறு, உங்களுக்குத் தேவையானது வேறு.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் எல்லைப் பக்கத்தில் ஆபத்து இன்னும் இரண்டு மடங்கு.

இடுக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-ல் தேவிகுளம் தாலுகாவில் கூடுதல் தாசில்தார் பொறுப்பில் இருந்தவர் கையெழுத்துப் போட்ட 530 பட்டாக்கள். ரவீந்திரன் பட்டா என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்படிக் கொடுக்க அவருக்கு அதிகாரமே இல்லை என்று சர்ச்சை. 2007-ல் மூணாறில் புல்டோசர் இறங்கியபோது ஊரே இதைப் பேசியது. கடைசியில் 2022 ஜனவரியில் அரசாங்கம் மொத்தத்தையும் ரத்து செய்ய உத்தரவு போட்டது. யோசித்துப் பாருங்கள், 23 வருடம்! அதற்குள் எத்தனை கை மாறியிருக்கும்? வாங்கியவர்கள் கையில் இருந்தது அரசாங்க முத்திரை போட்ட பட்டாதான், போலி நோட்டு இல்லை. பட்டா இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. யார் கொடுத்தது, எந்தச் சட்டத்தில், எந்த விதியில், என்ன நிபந்தனையோடு என்று பார்க்க வேண்டும். 1964-ஆம் வருட விதிப்படி விவசாயத்துக்கும் வீட்டுக்கும் கொடுத்த இடத்தில் ரிசார்ட் கட்டியவர்கள் பட்ட பாடு தனிக் கதை. அதைச் சரிசெய்யத்தான் 2023-ல் சட்டத்திருத்தம் நிறைவேற்றி, 2024-ல் ஆளுநர் ஒப்புதல் வந்தது. ஏலமலைக் காட்டு நிலத்தில் புதிதாகப் பட்டா கொடுக்க 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. இவ்வளவையும் ஆதாரம் எழுதறவர் உங்களுக்கு உட்கார்ந்து விளக்குவாரா?

பாலக்காட்டுப் பக்கம் வேறு மாதிரிக் கண்ணி. மொழிக் கண்ணி! தமிழில் நிலம் என்றால் நிலம். எல்லாமே நிலம்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்றால் நெல்வயல். வீடு கட்டுகிற மேட்டு இடத்துக்குப் பெயர் 'புரயிடம்'. ஆதாரம் மலையாளத்தில் இருக்கும். யாரோ வாசித்துக் காட்டுவார்கள். "நிலம், 12 சென்ட்" என்று காதில் விழுந்ததும் நம்ம ஆள் சந்தோஷமாகத் தலையாட்டுவார். 2008-ல் வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த இடத்தில் இஷ்டத்துக்கு மண் போட்டு வீடு கட்ட முடியாது. பஞ்சாயத்தில் பர்மிட் கேட்கப் போகும்போதுதான் டேட்டா பேங்க் என்று ஒன்று இருப்பதே தெரியவரும். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையோ நடை. எனக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் இப்படி வாங்கிய இடத்தில் வருடக்கணக்கில் வாழை வைத்துக்கொண்டிருக்கிறார். வாழை நன்றாகத்தான் வருகிறது :-) அவர் கேட்டது வீடு. அட்டப்பாடி என்றால் இன்னும் மோசம். ஆதிவாசி நிலம் கை மாறுவதற்கு 1975, 1999 சட்டங்கள் குறுக்கே நிற்கின்றன. மலிவாகக் கிடைக்கிறது என்று கோயம்புத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள், ஏன் மலிவு என்று கேட்பதில்லை.

போக்குவரவு என்றொரு வார்த்தை. பஸ் சர்வீஸ் என்று நினைத்துவிடாதீர்கள், வில்லேஜ் ஆபீசில் பெயர் மாற்றுவதுதான். தண்டப்பேர், கைவசச் சான்று, முன்னாதாரம், குடிக்கடம்... குடிக்கடம் என்பது நம்ம வில்லங்கச் சான்று. அதில் 'எதுவும் இல்லை' என்று வந்தால் எதுவும் இல்லை என்று அர்த்தமாகாது. கொடுத்த சர்வே நம்பரில் எதுவும் பதிவாகவில்லை, அவ்வளவே. ரீசர்வேயில் நம்பர் மாறியிருந்து, புது நம்பரை மட்டும் கொடுத்துத் தேடினால் பழைய கடன் எப்படி வரும்? பதிவாகாத உயில், பதிவாகாத அக்ரிமென்ட், கோர்ட்டில் ஓடும் பாகப்பிரிவினை வழக்கு, பத்திரத்தை அடமானம் வைத்துப் பதியாமல் வாங்கிய கடன், இவை எதுவும் அதில் தெரியாது.

நான் இப்போது இருக்கும் இங்கிலாந்தில் எல்லாம் சொர்க்கம் என்று கதை விட வரவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே பட்டியலில் உள்ள உரிமைக்கு அரசாங்கமே உத்தரவாதம். பதிவேட்டில் தப்பிருந்து நஷ்டம் வந்தால் லேண்ட் ரெஜிஸ்ட்ரி ஈடு கொடுக்கும். அப்படியிருந்தும் வாங்குகிறவனுக்கு ஒரு சொலிசிட்டர், விற்கிறவனுக்கு வேறொரு சொலிசிட்டர். உத்தரவாதம் உள்ள ஊரில் தனி வக்கீல் வைக்கிறான், உத்தரவாதமே இல்லாத ஊரில் நாம் புரோக்கர் கூட்டிவந்த வக்கீலிடம் தலையை நீட்டுகிறோம்! இங்கேயும் அப்படித் தலையை நீட்டியவர்கள் பட்டார்கள். புது வீடு கட்டி விற்ற கம்பெனிகள் சிபாரிசு செய்த சொலிசிட்டரிடமே பலர் போனார்கள். 10 வருடத்துக்கு ஒருமுறை தரை வாடகை இரட்டிப்பாகும் என்ற ஷரத்தை யாரும் உறைக்கும்படி சொல்லவில்லை. பிறகு அந்த வீடுகளை விற்க முடியாமல் தவித்தார்கள். 2019-ல் நாடாளுமன்றக் குழுவரை போய், 2022-ல் புதுக் குத்தகைகளுக்குத் தரை வாடகையே கூடாது என்று சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் ஆனாலும் விற்கிறவன் காட்டுகிற வக்கீல் விற்கிறவனுடைய வக்கீல்தான்.

சரி, யாரிடம் போவது? விற்கிறவரையும் புரோக்கரையும் தெரியாதவராகப் பாருங்கள். சித்தூரில் வாங்கினால் பாலக்காட்டு வக்கீல், தேவிகுளம் என்றால் தொடுபுழையில் நில வழக்கு நடத்துகிறவர். கோர்ட்டில் கத்துவதில் கெட்டிக்காரர் வேண்டாம், வில்லேஜ் ஆபீஸ் ரெக்கார்டு படிக்கத் தெரிந்தவர் வேண்டும். முக்கியமானது கூலிப் பேச்சு. வியாபாரம் முடிந்தால் இத்தனை சதவீதம் என்று பேசினால், "வேண்டாம், விட்டுடுங்க" என்று சொல்ல அவருக்கு எப்படி வாய் வரும்? வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இவ்வளவு என்று முன்பே பேசி, பாதியைக் கையில் கொடுங்கள். வாங்காதே என்று சொல்கிற வக்கீலுக்குத்தான் முழுக்கூலி தகும்.

"டைட்டில் கிளியர்" என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். எந்தெந்தப் பத்திரம் பார்த்தார், எதை அசலில் பார்த்தார், எது நகல், எத்தனை வருடத்துக்குத் தேடினார், பழைய சர்வே நம்பரிலும் தேடினாரா, பதிவேட்டில் நிலமா புரயிடமா தோட்டமா என்று எழுத்தில் வேண்டும். வரைவு ஆதாரத்தைத் தமிழில் எழுதி வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். பதிவன்று வராந்தாவில் நின்றுகொண்டு வேண்டாம். இது எல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனால் வக்கீல் என்ன சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது.

வெளியூரில் இருக்கும் நம் மாதிரி ஆட்களுக்குக் கடைசியாக. ஏலத்தோட்டம், தென்னந்தோப்பு, வயல் எதையும் என்.ஆர்.ஐ. விலைக்கு வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாரிசாக வரலாம், வாங்க முடியாது. "ஊர்ல நாலு ஏக்கர் ஏலக்காய் போடலாம்னு இருக்கேன்" என்கிறவரிடம் இதைச் சொன்னால் என்னைப் பொறாமைக்காரன் என்கிறார்கள். விற்பதாக இருந்தால், மச்சானுக்குப் பொதுப் பவர் எழுதி அனுப்பாதீர்கள். எந்த இடம், எந்தக் காரியம் என்று குறிப்பிட்ட பவர் போதும். அது இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்தால் போதும் என்பது செல்லாது, பிடித்தம் அதைவிட நிறைய. இதைச் சொல்லாமல் மறைத்து விற்றால் வருமான வரி நோட்டீஸ் உங்களுக்கு வராது, உங்களிடம் வாங்கிய பாவப்பட்டவர் வீட்டுக்குத்தான் போகும்.